ஸ்பானியல் நாய் வயலில் வளைந்து வளைந்து ஓடுவது குறையா?

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தைச் சேர்ந்த தம்பி ஒருவர் தம்முடைய கொக்கர் ஸ்பானியல் நாயைப் பற்றிக் கேட்டிருக்கிறார். பெரும்போக அறுவடை முடிந்த வயலில் அவிழ்த்துவிட்டால் அந்நாய் நேரே ஓடாமல் இடமும் வலமுமாக அலைகிறதாம். பற்றைக்குள் பறவை இருப்பதை மோந்தறிந்ததும், பொயின்டர் நாயைப் போல முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்காது, உள்ளே பாய்ந்து பறவையைக் கிளப்பிவிடுகிறதாம். கிளம்பிய பறவையின் பின்னால் வாய்க்காலைக் கடந்து ஓடி, எவ்வளவு கூப்பிட்டாலும் திரும்புவதில்லையாம். இவை நாயின் குறைகளா, இனத்தின் குணமா, பழக்கித் திருத்தலாமா, இதற்குப் பதிலாக ஸ்பிரிங்கர் இன நாயை வாங்கியிருக்கலாமா என்பன அவருடைய கேள்விகள்.

தம்பி, நீங்கள் சொன்னவற்றுள் முதல் இரண்டும் குறைகள் அல்ல. நூற்றாண்டுக் கணக்காக அந்த இனத்தை வளர்த்தவர்கள் தேடித் தேடிச் சேர்த்த குணங்கள். மூன்றாவது மட்டுமே திருத்த வேண்டியது. அதையும் நாயின் கணக்கில் எழுதாமல் பழக்காமையின் கணக்கில் எழுதுவதே நியாயம். நான் இங்கிலாந்தின் நோர்போக் பகுதியில் வேலை பார்த்த காலத்தில், குளிர்கால வார இறுதிகளில் பறவை வேட்டை நடக்கும் பண்ணைகளில் பற்றை அடித்துப் பறவை எழுப்பும் ஆட்களோடு சேர்ந்து நடந்திருக்கிறேன். இப்போது உப்புவெளியில் ஒரு கொக்கரை வைத்துக்கொண்டு, துப்பாக்கி எதுவுமின்றி அதே பயிற்சிகளைச் செய்து வருகிறேன். ஆகவே அங்கே கண்டதையும் இங்கே பொருந்துவதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஸ்பானியலின் வேட்டை முறை முழுவதும் ஒரே ஒரு தேவையிலிருந்து பிறந்தது. கால்நடையாக வரும் மனிதனின் துப்பாக்கி எட்டும் எல்லைக்குள், அவன் கண்ணுக்குப் புலப்படாமல் பற்றைக்குள் பதுங்கியிருக்கும் பறவையை ஒன்றுவிடாமல் எழுப்பித் தர வேண்டும் என்பதே அத்தேவை. பொயின்டரும் செற்றரும் வேறு நிலத்துக்கு உருவானவை. மரமற்ற பெருவெளியில் அவை மனிதனை விட்டு நூற்றுக்கணக்கான மீற்றர் தூரம் விலகி ஓடித் தேடும். அவ்வளவு தொலைவில் பறவையைக் கிளப்பினால் பயனில்லை என்பதால், மணம் பிடித்த இடத்திலேயே உறைந்து நின்று மனிதன் வந்து சேரும்வரை காத்திருக்கும். முட்பற்றையும் இடுப்பளவு புல்லும் நிறைந்த நிலத்தில் ஒரு நாய் அப்படி நின்றால், அது எங்கே நிற்கிறது என்பதைத் தேடவே இன்னொரு நாய் வேண்டியிருக்கும். அதனால்தான் ஸ்பானியல் அருகிலேயே வேலை செய்கிறது, நிற்காமல் பாய்கிறது. உங்கள் நாய் காலைத் தூக்கி நிற்கவில்லையே என்று கவலைப்படுவது, வள்ளத்துக்குச் சக்கரம் இல்லையே என்று கவலைப்படுவதற்கு ஒப்பானது.

இந்தப் பிரிவு பழையது. இங்கிலாந்து மருத்துவர் ஜோன் கேயஸ் 1570இல் இலத்தீனில் வெளியிட்ட நாய்களைப் பற்றிய சிறுநூலிலேயே நிலத்தில் வேட்டையாடும் ஸ்பானியல், நீரில் வேட்டையாடும் ஸ்பானியல் என்ற பாகுபாடு இருக்கிறது. அந்தக் காலத்தில் பறக்கும் பறவையைச் சுடும் வழக்கம் அங்கே வேரூன்றியிருக்கவில்லை. ஸ்பானியல் எழுப்பும் பறவையைப் பழக்கப்பட்ட வல்லூறோ இராசாளியோ வானிலேயே பிடிக்கும். அல்லது நாய் தரையோடு தரையாகப் பதுங்க, அதற்கு முன்னாலிருக்கும் பறவைக் கூட்டத்தின்மேல் ஆட்கள் வலையை இழுத்துப் போடுவார்கள். பதுங்கிய நாய்களின் வழியில் பிற்காலத்துச் செற்றர் இனங்கள் வந்தன. பாய்ந்த நாய்களின் வழியில் இன்றைய ஸ்பானியல்கள் வந்தன. பறக்கும்போது சுடும் பழக்கம் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவத் தொடங்கியபோது, வல்லூறின் இடத்தைத் துப்பாக்கி எடுத்துக்கொண்டது. நாயின் வேலை ஏறத்தாழ அப்படியே தொடர்ந்தது.

துப்பாக்கி வந்ததும் தூரம் என்ற கணக்கு கறாராயிற்று. பறவை வேட்டைக்குரிய சொட்கன் துப்பாக்கியின் சன்னங்கள் (ஒரே வெடியில் சிதறிப் பாயும் சிறு குண்டுகள்) ஏறக்குறைய 35, 40 மீற்றருக்கு அப்பால் சிதறி வலுவிழந்துவிடும். அதற்கு மேல் சுட்டால் பறவை காயத்தோடு தப்பிச் சென்று எங்கோ கிடந்து சாகும். நாய் உங்களிடமிருந்து 20 மீற்றரில் பறவையைக் கிளப்புகிறது என்று வையுங்கள். துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் குறிபார்க்கும் நேரத்துக்குள் பறவை மேலும் 10, 15 மீற்றர் விலகிவிடும். அப்போதே அது எல்லையின் விளிம்பில் இருக்கிறது. ஆகவே 40 மீற்றரில் கிளப்பும் நாய், எவ்வளவு நுண்ணிய மூக்கு உடையதாயினும், வேட்டைக்காரனின் பார்வையில் பறவையை விரட்டிவிட்ட நாய்தான். முன்பக்கம் 15 முதல் 20 மீற்றர், இரு பக்கமும் 25 மீற்றர் அளவு என்பதே நல்ல ஸ்பானியலின் உலகம். பற்றை அடர்ந்தால் அந்த உலகம் இன்னும் சுருங்க வேண்டும்.

இனி, நீங்கள் அலைச்சல் என்று சொன்ன அந்த ஓட்டத்துக்கு வருவோம். அது அலைச்சலே அன்று. காற்று முகத்தில் வீசும்போது ஸ்பானியல் உங்களுக்குக் குறுக்கே இடப்பக்கம் ஓடி, எல்லையில் திரும்பி, உங்கள் முன்னால் கடந்து வலப்பக்கம் ஓடி, மீண்டும் திரும்பும். ஒவ்வொரு திருப்பத்திலும் நாலைந்து அடி அல்லது நாலைந்து மீற்றர் முன்னேறும். எவ்வளவு முன்னேறுகிறது என்பது அன்றைய மணத்தின் நிலையைப் பொறுத்தது. ஈரப்பதமும் மென்காற்றும் உள்ள காலையில் மணம் தூரத்துக்கு எட்டுவதால் இடைவெளி அகலமாக இருக்கலாம். வறண்ட வெயிலில் நெருக்கமாக இருக்க வேண்டும். திரும்பும்போது நாய் முன்நோக்கித் திரும்புகிறதா, உங்கள் பக்கமாகப் பின்நோக்கித் திரும்புகிறதா என்று கவனியுங்கள். பின்நோக்கித் திரும்பும் நாய் ஏற்கெனவே தேடிய நிலத்தையே மறுபடி தேடுகிறது. அதன் உழைப்பில் பாதி வீண். இளம் நாய்களிடம் இது சாதாரணம், பழக்கத்தால் மாறும்.

காற்று முதுகில் வீசினால் இந்த வரைவு முற்றாக மாறும். அப்போது மணம் நாயிடமிருந்து விலகிச் செல்கிறது; குறுக்காக ஓடினால் பறவையைத் தாண்டிச் சென்ற பின்னரே அது தெரியவரும். அனுபவமுள்ள ஸ்பானியல் அப்படிப்பட்ட நாளில் ஒரு பக்கமாக நேரே முன்னே ஓடி, எல்லையை எட்டியதும் திரும்பி, காற்றை எதிர்கொண்டு உங்களை நோக்கித் தேடிக்கொண்டு வரும். அந்நேரம் பறவை நாய்க்கும் மனிதனுக்கும் இடையில் அகப்படும். காற்று பக்கவாட்டில் வீசினால், ஓட்டம் சரிந்த கோடாக இருக்கும். பயிற்சி கொடுப்பவர்களுள் பலர் காற்றைப் பார்க்காமல் நாயைத் திட்டுகிறார்கள். எதிர்காற்றில் அழகாக வேலை செய்த நாய், திரும்பி வரும் வழியில் முன்னே ஓடுகிறது என்பதற்காக அடி வாங்குவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். நாய் சரியாகவே செய்தது. காற்றை மறந்தவர் மனிதர்.

திருகோணமலையில் இருக்கும் நமக்கு இது எளிதில் விளங்க வேண்டும், ஏனெனில் இங்கே காற்றின் பெயர் தெரியாத கடற்றொழிலாளி இல்லை. வைகாசி தொடங்கிப் புரட்டாதிவரை கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில், தம்பலகாமத்திலிருந்து கந்தளாய்ப் பக்கம் முகம் வைத்து நடந்தால் உங்களுக்கு எதிர்காற்று. குடாவின் பக்கம் திரும்பினால் முதுகுக்காற்று. மார்கழி, தை மாதங்களில் வாடை வீசும்போது இது தலைகீழாகும். இரண்டு பருவங்களுக்கும் இடையிலான மாதங்களில் காலையில் தரைக்காற்றும் பிற்பகலில் கடற்காற்றும் மாறி மாறி வரும். அடுத்த முறை நாயை அவிழ்ப்பதற்கு முன் ஒரு பிடி உமியையோ காய்ந்த மண்ணையோ தூவிப் பாருங்கள். பிறகு நாயின் ஓட்டத்தைப் பாருங்கள். உங்கள் நாய்க்குக் கச்சானும் வாடையும் உங்களைவிட நன்றாகத் தெரியும் என்பதைக் காண்பீர்கள்.

ஓட்டத்தின் இடையே மணம் படும்போது என்ன நடக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தால்தான் இந்த இனத்தின் மீதுள்ள மோகம் புரியும். நோர்போக்கின் சீனிக்கிழங்கு வயல் ஒன்றில் ஒரு வெள்ளை, ஈரல்நிற ஸ்பிரிங்கர் பெட்டை ஓடிக்கொண்டிருந்தது. பனி ஈரத்தில் இலைகள் பளபளத்தன. நாயின் முதுகு மட்டும் தெரிந்து மறைந்தது. வலமிருந்து இடம் பாய்ந்து வந்தது, ஏதோ கயிறு பிடித்து இழுத்தாற்போல் தலையை மட்டும் பின்பக்கம் திருப்பியது. உடல் அதன்பிறகே திரும்பியது. அதுவரை உயர்ந்திருந்த மூக்கு தரைக்கு இறங்கிற்று. ஃபெசன்ட் பறவை, நம் காட்டுக்கோழியைப் போலவே, பறப்பதைவிட ஓடித் தப்புவதையே விரும்பும். ஆகவே நாய் காற்றிலிருந்த மணத்தை விட்டுவிட்டுக் காலடி மணத்தைப் பிடித்துக்கொண்டது. வால் அசைவு வேகம் கூடிக் கூடி, பின்புறம் முழுவதும் ஆடத் தொடங்கியது. ஓரிரு வரிசை தாண்டி ஒரு கணம் தயங்கி, அடுத்த கணம் நான்கு கால்களும் தரையை விட்டு எழ இலைக்குள் பாய்ந்தது. சேவல் ஃபெசன்ட் கூவிக்கொண்டு செங்குத்தாக எழுந்தது. நாயோ பாய்ந்த இடத்திலேயே பின்புறத்தைத் தரையில் பதித்து உட்கார்ந்து, தலையை மட்டும் உயர்த்திப் பறவை போகும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த உட்காருதல்தான், தம்பி, உங்கள் நாயிடம் இல்லாதது. பாய்ச்சல் பிறப்பில் வருவது. உட்காருதல் மனிதன் கற்பிப்பது. பறவை எழுந்ததும் நாய் தானாகவே உட்கார வேண்டும், சுட்ட ஓசை கேட்டாலும் உட்கார வேண்டும், முயல் காலடியிலிருந்து கிளம்பி ஓடினாலும் உட்கார வேண்டும் என்பது துப்பாக்கி வேட்டையின் உயிர்நிலை விதி. தாழப் பறக்கும் பறவையின் பின்னால் எம்பிக் குதிக்கும் நாய் சன்னத்துக்கு இரையாகும். துரத்திக்கொண்டு ஓடும் நாய், துப்பாக்கிகள் எட்டாத இடத்தில் இருக்கும் மற்றப் பறவைகளையும் கிளப்பிவிடும். உட்கார்ந்து பார்க்கும் நாயோ பறவை எங்கே விழுந்தது என்பதை மனத்தில் குறித்துக்கொள்ளும். பிறகு ஆள் பெயர் சொல்லி அனுப்பினால் மட்டும் போய், மெல்லிய வாயால் பறவையைக் கசக்காமல் தூக்கிவந்து கையில் கொடுக்கும். காயப்பட்டு ஓடிய பறவையாயின் அதன் காலடி மணத்தைப் பிடித்துத் தொடர்ந்து கண்டுபிடிக்கும். தேடுதல், எழுப்புதல், அமர்தல், எடுத்துவருதல் ஆகிய நான்கையும் ஒரே நாய் செய்வதால்தான், பல நாய் வைத்திருக்க வசதியில்லாத சாதாரண வேட்டைக்காரர்களிடம் இந்த இனம் நிலைபெற்றது.

பிரித்தானியாவில் ஸ்பானியல்களுக்கான களப் போட்டிகள் 1899இல் தொடங்கின. அப்போட்டிகளின் விதிகளைப் பார்த்தாலே இவ்வினத்திடம் என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்பது தெளிவாகும். தேடும்போது குரைப்பது அல்லது முனகுவது, கட்டளையின்றித் துரத்துவது, பறவையை வாயில் நசுக்குவது, தண்ணீரில் இறங்க மறுப்பது ஆகியவை நாயைப் போட்டியிலிருந்தே நீக்கிவிடும் குற்றங்கள். நம் பகுதியில் உடும்பையும் காட்டுப்பன்றியையும் வளைத்த ஊர் நாய்கள் குரைத்தே வேலை செய்தவை. அவற்றின் குரலைக் கேட்டுத்தான் ஆள் போய்ச் சேருவார். ஸ்பானியல் அதற்கு நேர்மாறு. அதன் சத்தமின்மையைப் பயமென்று எண்ணிவிடாதீர்கள். ஸ்பானியல்களுக்குள் சசெக்ஸ் என்னும் ஓரினம் மட்டும் மணம் பட்டதும் குரல் கொடுக்கும் வழக்கமுடையது.

இனங்களுக்கிடையே வேட்டை நடை வேறுபடுகிறது, இருந்தாலும் அடிப்படை ஒன்றே. ஸ்பிரிங்கர் தோளுயரம் ஏறத்தாழ 51 செ.மீ., எடை 20 கிலோவைத் தாண்டும். வேகமும் வலுவும் உடையது, திறந்த வயலிலும் முட்பற்றையிலும் ஒரேமாதிரி வரைவோடு ஓடும். கொக்கர் ஏறத்தாழ 40 செ.மீ. உயரமுடையது, வூட்காக் எனப்படும் காட்டு உள்ளானைத் தாழ்ந்த பற்றைகளுக்குள்ளிருந்து எழுப்பப் பயன்பட்டது. ஸ்பிரிங்கர் பற்றையை மேலாகத் தாவும், கொக்கர் அதன் அடியில் நுழையும். கொக்கரின் வால் மணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆடிக்கொண்டே இருப்பதால், எப்போது பறவையை அணுகுகிறது என்பதைக் கண்டுகொள்ளப் பழக்கம் வேண்டும். என் கணிப்பில் அது ஸ்பிரிங்கரைவிடக் குறும்புக்காரன். சொன்னதைச் செய்யும், ஆனால் ஏன் செய்ய வேண்டும் என்று ஒரு தடவை யோசித்துவிட்டுத்தான் செய்யும். இவ்விரண்டும் ஒரு காலத்தில் ஒரே ஈற்றில் பிறந்தவை; 25 இறாத்தலுக்குக் குறைந்தது கொக்கர், கூடியது ஸ்பிரிங்கர் என்றே பிரித்தார்கள். ஸ்பிரிங்கரைத் தனி இனமாக, நாயினங்களைப் பதிவு செய்யும் சங்கமான இங்கிலாந்தின் கெனல் கிளப் ஏற்றுக்கொண்டது 1902இல். கிளம்பர் என்னும் பெருத்த வெள்ளை ஸ்பானியல் 30 கிலோவுக்கு மேலும் இருக்கும். மெதுவாக, ஒரு புல்லையும் விடாமல், சத்தமேயின்றித் தேடும். வேட்டையாடுபவருக்கு வயதாகிவிட்டால் அதுவே நல்ல துணை என்பது அங்குள்ளவர்களின் கேலி. பிரான்சின் பிரித்தானி நாய் ஸ்பானியல் குடும்பத்தது என்றாலும் பொயின்டரைப் போலவே உறைந்து நிற்கும். அதனாலேயே அமெரிக்கன் கெனல் கிளப் 1982இல் அதன் பெயரிலிருந்து ஸ்பானியல் என்பதை நீக்கிவிட்டது.

உங்கள் நாயைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொழும்பிலிருந்து வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். படத்தில் தரையைத் தொடும் காதுகளும் கால்களை மூடிய நீண்ட மயிரும் தெரிகின்றன. அது கண்காட்சி வழியில், அதாவது அழகுக்காக வளர்க்கப்பட்ட மரபில், வந்த கொக்கர். வேட்டை வழி, கண்காட்சி வழி என்ற பிரிவு இங்கிலாந்தில் வெகுகாலமாக இருக்கிறது. 1930க்கும் 1950க்கும் இடையில் இங்கிலாந்தின் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியின் முதற்பரிசை ‘ஒஃப் வெயர்’ என்ற ஒரே வளர்ப்பகத்தின் கொக்கர்கள் ஆறு தடவை வென்றன என்பதிலிருந்து, அழகுக்காக வளர்த்தோர் இந்த இனத்தை எவ்வளவு தூரம் கொண்டுபோயினர் என்பதை ஊகிக்கலாம். வேட்டை வழி நாய்களுக்குக் காது சிறியது, மயிர் குறைவு, தலை தட்டை, வேகம் அதிகம். அப்படியிருந்தும் உங்கள் நாய் யாரும் கற்பிக்காமலே காற்றை அறுத்து ஓடுகிறது என்றால், குருதியில் ஓடுவது அத்தனை தலைமுறைக்குப் பின்னும் அழியவில்லை என்றே கொள்ள வேண்டும். எனக்கு அது மகிழ்ச்சி தருகிறது.

நம் ஊரில் இந்தத் திறமையை எதற்குப் பயன்படுத்துவது என்பது அடுத்தது. வேட்டைக்கு என்று நினைத்தால் அந்த எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் நம் நாட்டுப் பறவைகளுள் மிகப் பெரும்பாலானவற்றைப் பாதுகாக்கின்றன. வெள்ளைக்காரர் காலத்தில் வயல்களில் உள்ளான் சுடுவது துரைமாரின் பொழுதுபோக்காக இருந்தது உண்மை. அதே உள்ளான் ஐப்பசியளவில் வடக்கிலிருந்து பறந்து வந்து பங்குனி, சித்திரைவரை நம் வயல்களில் இரை தேடும் விருந்தாளி. உங்கள் நாய் அதைத் துரத்திக்கொண்டிருப்பதும் நல்லதன்று. அதிலும் முட்டையிடும் காலத்தில் கானாங்கோழியும் ஆட்காட்டியும் தரையில் கூடு வைத்திருக்கும் வரம்போரங்களில் நாயை அவிழ்த்துவிடவே கூடாது.

ஆனால் இத்திறமை துப்பாக்கியோடு மட்டும் கட்டுண்டதன்று. வெடிபொருளும் போதைப்பொருளும் தேடும் பணியில் பல நாடுகள் ஸ்பானியல்களைச் சேர்த்திருப்பதற்குக் காரணம், ஓரிடத்தை ஒழுங்காக வகுத்து, சலிக்காமல், ஆளின் அருகிலேயே தேடும் இதே குணந்தான். பஸ்டர் என்ற ஸ்பிரிங்கர் ஈராக்கின் சஃப்வான் பகுதியில் மறைத்து வைத்திருந்த ஆயுதங்களைக் கண்டுபிடித்ததற்காக 2003இல், போர்க்களச் சேவைக்காக விலங்குகளுக்கு வழங்கப்படும் பிரித்தானியாவின் டிக்கின் பதக்கத்தைப் பெற்றது. இப்படிப்பட்ட நாய்கள் மணத்தைக் கண்டதும் தொடாமல் உறைந்து நிற்கவோ அமரவோ பழக்கப்படுகின்றன. பறவை எழுந்ததும் உட்காரப் பழகிய இனத்துக்கு அது ஒரு புதுப் பாடமே அன்று. நீங்கள் வீட்டு நாயாக வைத்திருந்தாலும், புல்லுக்குள் ஒளித்த பொருளைத் தேடும் விளையாட்டால் அதன் பசியை முழுமையாக ஆற்றலாம்.

துரத்தும் பழக்கத்தைத் திருத்துவதை வயலில் தொடங்காதீர்கள். சாப்பாட்டுத் தட்டில் தொடங்குங்கள். தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு விசிலை ஒரே நீளமாக ஊதி, நாய் உட்கார்ந்ததும் தட்டை வையுங்கள். சில நாட்களில் நீண்ட ஓசை என்றால் உட்கார வேண்டும் என்பது அதன் உடம்பில் ஊறிவிடும். பின் அதை முற்றத்தில், பிறகு தெருவில், பிறகு தூரத்தில் செய்யுங்கள். இரண்டு குறுகிய ஓசை என்றால் திரும்ப வேண்டும், பல குறுகிய ஓசை என்றால் வர வேண்டும் என்பது ஸ்பானியல் பழக்குபவர்களிடையே வழக்கமான முறை. உட்கார்ந்திருக்கும் நாயின் முன்னால் பந்தை உருட்டி, அது அசையாமலிருந்தால் நீங்களே போய் எடுத்துக்கொண்டு வாருங்கள். எறிவதில் பெரும்பகுதியை ஆளே எடுக்க வேண்டும், நாய்க்குச் சிலவற்றையே விட வேண்டும் என்பதைப் பலர் கருமித்தனமாக நினைக்கிறார்கள். எறிவதெல்லாம் தனக்கே என்று நம்பும் நாய், எழும் பறவையும் தனக்கே என்று நம்பும். கடற்கரையில் பந்தை ஓயாமல் எறிந்து நாயை ஓட விடும் பழக்கம், ஸ்பானியலைப் பொறுத்தவரை, துரத்தலைக் கற்பிக்கும் பள்ளிக்கூடமாகவே முடிகிறது.

உட்காருதல் உறுதியான பின், முழங்காலளவு புல் உள்ள சிறிய நிலத்தில், காற்றை முகத்தில் ஏற்று, நீங்களே வளைந்து வளைந்து நடவுங்கள். நாய் பக்கவாட்டில் 20 மீற்றரை எட்டும்போது இரு குறுகிய விசிலை ஊதி, எதிர்ப்பக்கம் கையை நீட்டித் திரும்பி நடவுங்கள், அதுவும் திரும்பும். சில திருப்பங்களுக்கு ஒரு தடவை, நாய் பார்க்காத வேளையில், உங்கள் அருகிலேயே ஒரு பழைய டெனிஸ் பந்தைப் புல்லுக்குள் போட்டுவிடுங்கள். அது கண்டுபிடிக்கும் நல்ல பொருளெல்லாம் உங்கள் பக்கத்திலேயே கிடைக்கின்றன என்று நம்பத் தொடங்கிவிட்டால், விலகி ஓடுவதற்குக் காரணமே இராது. என் அனுபவத்தில் கயிறும் அதட்டலும் செய்யாததை இந்த நம்பிக்கை செய்கிறது. கொக்குகளும் காகங்களும் குவிந்திருக்கும் வயலுக்கு, இது கைவந்த பிறகே, நீண்ட கயிற்றோடு போங்கள். பறவை எழும் கணத்தில் விசிலை ஊதுங்கள். சிறிது காலத்தில் பறவை எழுவதே விசிலாக மாறும்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இவ்வினம் குளிர்நாட்டில் வளர்ந்தது. களைத்தாலும் காட்டிக்கொள்ளாமல் ஓடும். கச்சான் வீசும் மாதங்களில் காலை ஏழரைக்கு மேல் ஓடவிட வேண்டாம். மூச்சு வாங்கும் நாய் வாயால் மூச்சு விடுவதால் மோப்பமும் மங்கிவிடும், ஆகவே அந்நேரத்தில் பயிற்சியும் வீண். மயிரைக் குட்டையாகக் கத்தரித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் காது மடலின் உள்ளும் விரலிடைகளிலும் ஒட்டுப்புல், நாயுருவி விதை இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஊசிபோன்ற புல்விதை தோலுக்குள் நுழைந்தால் சீழ்கட்டும். வாய்க்காலில் நீந்திய பின் காதை உலரத் துடைக்காவிட்டால் தொங்குகாது நாய்க்குக் காதுப்புண் நிச்சயம். உண்ணிக்காய்ச்சல் இந்நாட்டில் பரவலாக உள்ளது, எலிக்காய்ச்சல் வயலோடு ஒட்டியது. இரண்டுக்கும் மிருக வைத்தியரிடம் முற்காப்பு கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதலை உள்ள குளத்தின் ஓரத்தில் பந்தெறியாதீர்கள். புடையன் பாம்பு கிடக்கக்கூடிய வைக்கோற்போர்களை விலக்கி நடவுங்கள், ஏனெனில் பற்றை கண்டால் தலையை நுழைப்பதே இந்நாயின் தொழில்.

ஸ்பிரிங்கர் வாங்கியிருக்கலாமா என்ற கேள்விக்கு, வேண்டாம் என்பதே என் பதில். வேட்டை வழி ஸ்பிரிங்கருக்கு நாள்தோறும் இரண்டு வேளை கடும் ஓட்டமும் மூளைக்கு வேலையும் தேவை. இல்லாவிட்டால் வேலியைத் தோண்டும், கோழியைக் கிளப்பும், அயலாரோடு சண்டையை வாங்கித் தரும். உங்களிடம் உள்ள கொக்கருக்கு இன்னும் இரண்டு வயது நிறையவில்லை. பழக்குவதற்கு இது நல்ல வயது. விசில் ஒன்றை வாங்கி இன்று மாலைச் சாப்பாட்டிலேயே தொடங்கலாம். ஒரே சுருதியில் ஒலிக்கும் பிளாஸ்ரிக் விசிலாகப் பார்த்து, தொலைந்தால் எடுத்துக்கொள்ள அதே வகையில் இரண்டாக வாங்கி வையுங்கள்.